அசாதியோபிரின் மாத்திரையைப் பொடிக்கும் முன்: சிறிய மருந்தகங்களுக்கான வழிமுறை

மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தான அசாதியோபிரின் திரவமாக வேண்டும். கையிருப்பில் இருப்பதோ 50 மி.கி. மாத்திரைகள். கல்வத்தில் போட்டு அரைத்து, சிரப் ஊற்றி, பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அரைக்கும்போது குழவியின் ஓரத்தில் புகை போல ஒன்று எழுகிறதே, அதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூள் சில நொடிகளில் கீழே படிந்துவிடும். தெரியாத நுண்தூள் காற்றில் வெகுநேரம் மிதந்து மூக்குக்குள் போகும், சட்டைக் கையில் ஒட்டும், கதவுக் கைப்பிடிக்கும் அங்கிருந்து பில் போடும் கணினியின் விசைப்பலகைக்கும் போய்ச் சேரும். நோயாளி அந்த மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், தேவைக்காகச் சாப்பிடுகிறார். அரைப்பவருக்கு அது எந்த நன்மையும் செய்யாது. அளவும் கணக்கில்லை, வருடக்கணக்கில் தொடரும்.

இந்தக் கவலை புதிதல்ல. புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களின் சிறுநீரில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை இருப்பதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1979-லேயே காட்டினார்கள். இத்தகைய மருந்துகளால் கருச்சிதைவு, கருவுறுதலில் சிக்கல், தோல் தடிப்பு, புற்றுநோய் ஆகிய ஆபத்துகள் உண்டு. மருந்தகத்தில் இதைத் தடுக்கும் வேலை முழுவதையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: இந்தத் தூள் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து எதைத் தொடப்போகிறது? பெட்டி வந்திறங்கும் நொடியிலிருந்து கழிவுப் பையைக் கட்டும் வரை இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த மருந்தெல்லாம் இந்த வகை

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2004-ல் முதல் பட்டியலை வெளியிட்டது. கடைசியாக 2024 டிசம்பரில் புதுப்பித்திருக்கிறது. ஒரு மருந்து அபாயகரமானதா என்று பார்க்கப் பயன்படும் அளவுகோல்கள் ஆறு: புற்றுநோய் உண்டாக்குதல், கருவின் வளர்ச்சியைக் கெடுத்தல், இனப்பெருக்கத் திறனைப் பாதித்தல், குறைந்த அளவிலேயே உறுப்புகளைச் சேதப்படுத்துதல், மரபணுவைச் சேதப்படுத்துதல், ஏற்கெனவே அபாயகரமானது என்று தெரிந்த மருந்தை வேதி அமைப்பிலும் நச்சுத்தன்மையிலும் ஒத்திருத்தல்.

அபாய மருந்து என்றதும் ஊசிமூலம் ஏற்றும் கீமோ மட்டுமே நினைவுக்கு வருவதுதான் சிறிய மருந்தகங்களில் நடக்கும் முதல் தவறு. மெத்தோட்ரெக்சேட், மெர்கேப்டோப்யூரின், ஹைட்ராக்சியூரியா மாத்திரைகளும் காப்சூல்களும் அலமாரியில் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருக்கும். அசாதியோபிரின், சைக்ளோஸ்போரின், மைக்கோபீனோலேட் போன்ற நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. ஹார்மோன் கிரீம் தயாரிக்கும் இடங்களில் எஸ்ட்ராடியோல், புரொஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் தூள்கள் கிலோ கணக்கில் புழங்கும். கருவைப் பாதிக்கக்கூடிய ஃபினாஸ்டரைடு, வால்ப்ரோயேட், வார்ஃபரின் போன்றவையும் இருக்கின்றன.

உங்கள் இருப்பிலுள்ள எல்லா மருந்துகளையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொந்தப் பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள். புதிய மருந்து ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது சரிபாருங்கள். வருடம் ஒருமுறை முழுதாகத் திருத்துங்கள். பெயருக்கு எதிரே, அந்த மருந்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். முழு மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும் அதே மாத்திரையைப் பொடிப்பதும் ஒரே ஆபத்து அல்ல. பூச்சு உடையாத மாத்திரையை எண்ணுவதற்குக் கையுறையும் தனித் தட்டும் போதும். பொடிப்பது, காப்சூலைத் திறப்பது, மூலத்தூளை எடையிடுவது என்று வந்துவிட்டால் கீழே சொல்லும் அத்தனையும் வேண்டும். தானியங்கி எண்ணும் இயந்திரத்தில் இவற்றைப் போடவே கூடாது. அதற்குள் உரசி உதிரும் தூள், அடுத்துப் போடும் எல்லா மாத்திரைகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலைப் போடும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: இதை நாம்தான் தயாரிக்க வேண்டுமா? திரவ வடிவில் அந்த மருந்து நிறுவனத் தயாரிப்பாகவே கிடைக்கிறதா? அருகில் முறையான வசதியுள்ள வேறு மருந்தகம் இருக்கிறதா? தனி அறையும் ஹூட்டும் (காற்றை உள்ளிழுத்துத் தூளை வெளியே விடாத வேலைப்பெட்டி) இல்லாத இடத்தில் புற்றுநோய் மருந்தைப் பொடிக்கக் கூடாது. மருத்துவரிடம் பேசி நோயாளியை வேறிடம் அனுப்புவதே சரியான சேவை. ஊசிமருந்து கலப்பது இந்தக் கட்டுரையில் இல்லை. அதற்குக் கிருமியற்ற சூழலும் சேர்ந்து வேண்டும், விதிகளும் கட்டுமானமும் வேறு. இங்கே சொல்வது வாய்வழி, தோல்வழி மருந்துகளுக்கு.

அறையும் காற்றும்

அபாய மருந்துகளைக் கையாள்வதற்கான யுஎஸ்பி 800 என்ற அமெரிக்கத் தரநிலை இந்த வேலைக்குப் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. உங்கள் நாட்டு விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். தரநிலை அறையிடம் கேட்பது: மற்ற வேலையிடத்திலிருந்து சுவரால் பிரிந்திருக்க வேண்டும், காற்று கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும், அறையின் காற்று மணிக்கு 12 முறையாவது முழுதாக மாற வேண்டும், பக்கத்து அறையைவிட அழுத்தம் 2.5 முதல் 7.5 பாஸ்கல் வரை குறைவாக இருக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருப்பதால் கதவைத் திறந்தாலும் காற்று உள்ளேதான் இழுக்கப்படும், தூள் வெளியே வராது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 24.3 கன மீட்டர். அதை 12 ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 292 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். ஹூட்டின் திறப்பு 90 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், உள்ளிழுக்கும் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் என்றால் அது வெளியேற்றுவது மணிக்கு சுமார் 259 கன மீட்டர். ஹூட் மட்டும் போதவில்லை. மீதிக்குத் தனி எக்ஸாஸ்ட் வேண்டும். ஹூட்டின் காற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் அது இரவும் பகலும் ஓடியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் இங்கே வரும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி இல்லையென்றால் கதவைத் திறக்கவே முடியாத அளவு அழுத்தம் குறையும், ஹூட்டின் இழுவையும் தடுமாறும். அழுத்தமானி ஒன்றைக் கதவருகே பொருத்தி, வேலை தொடங்கும் முன் தினமும் எண்ணைக் குறித்து வையுங்கள். மானி பழுதாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், மெல்லிய டிஷ்யூ கீற்று ஒன்றைக் கதவின் கீழ் இடுக்கில் பிடித்துப் பாருங்கள். அது உள்பக்கமாக வளைய வேண்டும்.

அந்த அறையில் மின்விசிறி வேண்டாம். ஏசியின் காற்று ஹூட்டின் வாயில் நேராக அடிக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய் ஹூட்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். சுவர், தரை, மேசை எல்லாம் வழுவழுப்பாக, விரிசல் இல்லாமல், துடைத்தால் துடைபடும்படி இருக்க வேண்டும். மரப்பலகை உதவாது.

ஹூட்

தூள் வேலைக்கென்று செய்த காற்றோட்டப் பெட்டி, முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புக் கேபினெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். வெளியே காற்றை அனுப்பும் அமைப்பே சிறந்தது. முடியாதபோது அடுத்தடுத்து இரண்டு ஹெப்பா ஃபில்டர் உள்ளதை அனுமதிக்கிறார்கள். ஆனால் ஹெப்பா பிடிப்பது துகளை மட்டும். 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் அதே ஃபில்டர், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளின் ஆவியை அப்படியே கடக்க விட்டுவிடும். அத்தகைய மருந்துக்கு வெளியேற்றக் குழாய் கட்டாயம்.

கிடைமட்ட லாமினார் ஃப்ளோ மேசையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அது மருந்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கருவி. காற்றைப் பின்னாலிருந்து முன்னால், நேராக உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும். சுத்தமான மேசைதானே என்று நம்பி அதில் தூளைக் கொட்டினால் அத்தனையும் உங்கள் நெஞ்சில்தான் வந்து மோதும்.

ஹூட்டுக்குள் கை வைப்பதிலும் பழக்கம் வேண்டும். முன் விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். விளிம்பருகே காற்று சுழலும். பின்பக்கத் துளைகளைப் பாட்டில்களால் அடைக்காதீர்கள். கையை நேராக உள்ளே நீட்டி நேராக வெளியே எடுங்கள், மெதுவாக. பக்கவாட்டில் வீசினால் கையோடு காற்றும் வரும், காற்றோடு தூளும் வரும். ஒவ்வொரு முறை கையை எடுத்துவிட்டு நுழைக்கும்போதும் இந்தக் கலக்கம் நடக்கிறது. ஆகவே தேவையான அத்தனையும் முதலிலேயே உள்ளே போய்விட வேண்டும், ஒரே அமர்வில் வேலை முடிய வேண்டும். நடுவில் வேலையிலிருப்பவரின் பின்னால் யாரும் நடக்கக் கூடாது.

நடுவில் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்துங்கள். திறந்த பாத்திரத்தை மூடுங்கள், தூளின் மேல் ஈரத்துணி போடுங்கள், கையை மெதுவாக எடுங்கள். மின்சாரம் வந்து, ஹூட்டை உற்பத்தியாளர் சொன்ன நேரம் ஓடவிட்ட பிறகே மீண்டும் தொடங்கலாம்.

உடலில் அணிவது

கையுறைகள் தூள் பூசாதவையாக, கீமோ மருந்து ஊடுருவுகிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் டி6978 சோதனையில் தேறியவையாக இருக்க வேண்டும். சாதாரணப் பரிசோதனைக் கையுறை மருந்தை எவ்வளவு நேரம் தடுக்கும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். இரண்டு ஜோடி போடுங்கள். உள் ஜோடி கவுனின் மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில், வெளி ஜோடி அதற்கு மேலே. 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிழிந்தாலோ மருந்து பட்டாலோ உடனே மாற்றுங்கள். போடும் முன் ஊதிப் பார்க்காதீர்கள், கண்ணால் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.

கவுன் பருத்தித் துணியாக இருக்கக் கூடாது. துணி மருந்தை உறிஞ்சி வீடு வரை கொண்டுபோகும். பாலிஎதிலீன் பூச்சுள்ள, முன்பக்கம் திறப்பில்லாத, பின்னால் கட்டும், நீளக் கையும் இறுகிய மணிக்கட்டும் உள்ள கவுன் வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று உற்பத்தியாளர் சொல்லாவிட்டால் 2 முதல் 3 மணி நேரத்தில் மாற்றுங்கள். ஒருமுறை பயன்படுத்தியதை ஆணியில் மாட்டி வைத்து மறுபடி போடுவது வேண்டாம்.

அறுவை மாஸ்க் மூச்சுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. தூளுக்கு என்95, அதுவும் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த அளவு. தாடி இருந்தால் ஓரம் அடையாது. என்95 ஆவியைத் தடுக்காது, தெறிக்கும் திரவத்தையும் தடுக்காது. கண்ணுக்குக் காக்கிள்ஸ் வேண்டும். பவர் கண்ணாடியின் பக்கவாட்டு இடைவெளி போதும், தூள் உள்ளே போக. தலையுறை, காலுறை (காலணிமேல் போடும் உறை), அறைக்குள் நுழையும்போது அதற்குமேல் இன்னொரு காலுறை.

கழற்றும் வரிசையில்தான் அதிகம் தவறுகிறார்கள். களைப்பும் அவசரமும் சேரும் நேரம் அது. வெளிக் கையுறையை ஹூட்டுக்குள்ளேயே கழற்றி, அங்கேயே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். வாசலில் வெளிக் காலுறை. பிறகு கவுன், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி. பிறகு காக்கிள்ஸ், தலையுறை, மாஸ்க், மூன்றையும் பட்டையைப் பிடித்து. உள் கையுறை கடைசி. அதன் பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும். மருந்துத் தூளைக் கையிலேயே பரப்பித்தான் விடும்.

சரக்கு வந்து இறங்கும்போது

தூள் ஹூட்டில்தான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். மருந்துக் குப்பிகளின் வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெட்டியைத் திறப்பவரும் கையுறை போட வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ கறை தெரிந்தாலோ திறக்காதீர்கள். கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, எச்சரிக்கை எழுதி, அனுப்பியவரிடம் சொல்லுங்கள். மூலத்தூளும் புற்றுநோய் மருந்துகளும் அழுத்தம் குறைந்த அந்த அறையிலேயே, முன்விளிம்பு உயர்ந்த அலமாரியில் இருக்கட்டும். தரையில் வைக்க வேண்டாம்.

தயாரிப்பு: 60 மி.லி. அசாதியோபிரின் சஸ்பென்ஷன்

50 மி.கி. மாத்திரை 60 எடுத்தால் 3,000 மி.கி. மருந்து. 60 மி.லி.க்கு நிரப்பினால் 1 மி.லி.யில் 50 மி.கி. இருக்கும். எந்தச் சிரப் அடிப்படையில் கலப்பது, எத்தனை நாள் கெடாது என்பதை, நிலைத்தன்மை சோதித்து வெளியான சூத்திரத்திலிருந்தே எடுங்கள். சொந்த ஊகம் கூடாது.

1. கணக்கையும் லேபிளையும் அறைக்கு வெளியே முடியுங்கள், இன்னொருவர் சரிபார்க்கட்டும். பாட்டிலில் 60 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டு, கொட்டிவிட்டு, நன்கு உலர்த்துங்கள்.

2. ஹூட்டுக்குள் போக வேண்டியவை: அடியில் பிளாஸ்டிக் உள்ள உறிஞ்சு விரிப்பு, கண்ணாடிக் கல்வமும் குழவியும், 60 மாத்திரை எண்ணி வைத்த மூடிய டப்பா, சிரப், 10 மி.லி. வாய்வழி சிரிஞ்ச், ஸ்பேட்டுலா, புனல், பாட்டில், நனைத்த துடைப்புத் துணிகள், இரண்டு ஜிப் பைகள். பீங்கான் கல்வம் நுண்துளைகளில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே கண்ணாடி. இவை எல்லாம் அபாய மருந்துக்கென்றே அடையாளமிட்டுத் தனியாக இருக்க வேண்டும்.

3. மாத்திரைகளைக் கல்வத்தில் போட்டு, சிரப் 8 மி.லி. ஊற்றி, 10 நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த 10 நிமிடம்தான் முழு வேலையிலும் பெரிய பாதுகாப்பு. காய்ந்த மாத்திரை மேல் குழவி அழுந்தினால் துண்டு துள்ளும், தூள் எழும். ஊறிய மாத்திரை சத்தமில்லாமல் மாவாகக் குழையும். மேல்பூச்சு ஊற நேரமெடுத்தால் இன்னும் சில நிமிடம் பொறுங்கள். சூத்திரம் உலர்த்தூளைத்தான் கேட்கிறது என்றால், மாத்திரையைத் தடிமனான ஜிப் பையில் போட்டுக் காற்றை நீக்கி மூடி, பைக்குள்ளேயே நசுக்கி, ஹூட்டுக்குள் திறந்து, முதல் துளி திரவத்தைப் பைக்குள்ளேயே விடுங்கள்.

4. கல்வத்தின் சுவரில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்த்தபடி, கட்டியில்லாத மிருதுவான பசையாகும் வரை குழையுங்கள். பிறகு சிரப்பைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் கல்வத்தில் உள்ள அளவுக்குச் சமமாகச் சேருங்கள். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டிகள் மிதக்கும், பாட்டிலின் முதல் டோஸும் கடைசி டோஸும் வேறுவேறாகும்.

5. புனல் வழியே பாட்டிலில் ஊற்றுங்கள். கல்வத்தை 5 மி.லி. சிரப்பால் இரண்டு மூன்று முறை அலசி அதையும் சேருங்கள். மருந்தும் வீணாகாது, கல்வத்தில் மிஞ்சுவதும் குறையும். 60 மி.லி. கோடு வரை நிரப்புங்கள்.

6. பாட்டிலின் கழுத்து மரையை மூடி போடும் முன் துடையுங்கள். மரையில் காய்ந்த மருந்து, குழந்தையின் தாய் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் விரலுக்கு வரும். மூடி, ஹூட்டுக்குள்ளேயே குலுக்கி, பாட்டில் முழுவதையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

7. வெளிக் கையுறையை மாற்றிய பிறகே லேபிளைத் தொடுங்கள். லேபிளில் எச்சரிக்கை, குலுக்கும் குறிப்பு, செறிவு, காலாவதி இருக்க வேண்டும். பாட்டிலை மூடிய பையில் கொடுங்கள். வீட்டில் மருந்து புகட்டுபவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணி என்றால் வேறொருவர் புகட்டட்டும், சிரிஞ்சைத் தனியாகக் கழுவ வேண்டும் என்று வாயாலும் சொல்லுங்கள்.

எடையிடும்போது

ஹார்மோன் கிரீமுக்கு மூலத்தூளை எடையிடுவதுதான் மாத்திரை நசுக்குவதைவிட மோசமான கட்டம். தராசு ஹூட்டுக்குள் இருக்க வேண்டும், ஆனால் ஹூட்டின் காற்று தராசை ஆட்டும். எண் நிலைக்காமல் ஓடும். சிலர் அந்த எரிச்சலில் ஹூட்டை அணைத்துவிட்டு எடையிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. காற்றுத் தடுப்புக் கூண்டுள்ள தராசை உறுதியான பலகையில் வைத்து, ஹூட் ஓடும்போதே அளவீட்டைச் சரிசெய்யுங்கள்.

10 சதவீத புரொஜெஸ்டிரோன் கிரீம் 30 கிராம் என்றால் தூள் 3 கிராம். சூத்திரத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்காலை முதலில் கலக்கும் ஜாடியின் அடியில் ஊற்றி, தராசைப் பூஜ்யமாக்கி, தூளை நேராக அதன் மேல் போடுங்கள். விழும் தூள் உடனே நனைந்துவிடும். எடைத்தாளில் அளந்து பிறகு ஜாடிக்குத் தட்டினால் ஒரே தூள் இரண்டு முறை பறக்கிறது. திரவத்தில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே கடைசி 0.1 கிராமுக்குச் சின்ன ஸ்பேட்டுலா நுனியைப் பயன்படுத்துங்கள். தூள் ஸ்பேட்டுலாவை விட்டுத் துள்ளி ஓடினால் அது நிலைமின்சாரம். நிலைமின்சாரம் தேங்காத எடைக்கிண்ணமும் உலோக ஸ்பேட்டுலாவும் உதவும். ஜாடி மூடியிருக்கும்போதே கலக்கும் மின்கல்வம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சிறிய மருந்தகத்தில் அந்தப் பணம் வீணாகாது.

காப்சூல் நிரப்பும் தட்டு இந்த மருந்துகளுக்கு எங்களுக்கு உகந்ததாகப் படவில்லை. தூளைப் பரப்புவது, அழுத்துவது, உபரியைத் தட்டுவது என்று ஒவ்வொரு அசைவும் தூளை எழுப்புகிறது. திரவமோ கிரீமோ ஆகுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சுத்தம் செய்தல்

ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் மேசை பளபளக்கும், மருந்து மட்டும் வேறிடத்துக்கு நகர்ந்திருக்கும். எதையும் தெளிக்காதீர்கள், தெளிப்பின் வேகமே தூளைக் கிளப்பிவிடும். துணியை நனைத்துத் துடையுங்கள். சுத்தமான மேல்பகுதியிலிருந்து அழுக்கான கீழ்ப்பகுதிக்கு, ஒரே திசையில். மடித்துப் புதுப் பக்கத்தால் அடுத்த வரிசை. துடைத்த பக்கம் திரும்ப மேசையைத் தொடக் கூடாது.

முதலில் 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். 5 சதவீத பிளீச் 400 மி.லி.யோடு தண்ணீர் 600 மி.லி. சேர்த்தால் 1 லிட்டர் கிடைக்கும். அன்றன்றைக்குக் கலக்குங்கள், பழைய பிளீச் வலுவிழந்திருக்கும். இது பல மருந்துகளின் மூலக்கூறை உடைக்கும், எல்லாவற்றையும் அல்ல. ஆகவே துடைத்து எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சில நிமிடம் ஈரமாக விட்ட பிறகு சோடியம் தயோசல்ஃபேட் கரைசலால் துடையுங்கள். இல்லாவிட்டால் பிளீச் எஃகை அரித்துப் பள்ளமாக்கும், அந்தப் பள்ளத்தில் அடுத்த நாள் தூள் தங்கும். பிறகு சோப்புக் கரைசல், கடைசியில் தண்ணீர். பிளீச்சோடு அமிலமோ ஆல்கஹாலோ சேரவே கூடாது, நச்சுப் புகை வரும். தினமும் வேலை முடிந்ததும், சிந்தியதும், ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதைச் செய்ய வேண்டும். ஹூட்டின் அடித்தட்டைத் தூக்கி அதன் கீழே துடைப்பது மாதம் ஒருமுறை. அங்கே சேர்ந்திருப்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

துடைத்தது போதுமா என்று அறிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரப்பைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு சதுர செ.மீ.க்கு 1 நானோகிராமைத் தாண்டிய இடங்களில் பணியாளர் உடலில் அது சேர்ந்ததைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. மருந்துக்குப் பதிலாக லாக்டோஸ் தூளில் சிறிது ஃப்ளூரெசின் என்ற ஒளிரும் சாயம் கலந்து, மேலே சொன்ன முழு வேலையையும் உடை கழற்றுவது வரை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அடியுங்கள். தூள் படிந்த இடங்கள் ஈரத்துணி பட்டதும் பச்சை மஞ்சளாக மின்னும். பெரும்பாலும் ஹூட்டுக்குள் பார்த்து யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள். மின்னுவது பேனா மூடியில், மூக்குக் கண்ணாடியின் கம்பியில், கவுனின் இடுப்பு முடிச்சில், கதவுத் தாழ்ப்பாளில். புதிதாகச் சேர்பவருக்கு உண்மை மருந்தைக் கொடுக்கும் முன் இதைச் செய்ய வைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சிந்திவிட்டால்

சிதறல் பெட்டி அறையிலேயே தயாராக இருக்கட்டும்: இரண்டு ஜோடி கையுறை, கவுன், காக்கிள்ஸ், மாஸ்க், உறிஞ்சு துணிகள், அள்ளும் தட்டு, தடித்த பைகள், எச்சரிக்கைப் பலகை. முதலில் மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். தூள் சிந்தினால் அதன் மேல் நனைந்த துணியை மெதுவாக இறக்கி மூடுங்கள். திரவமென்றால் உலர்ந்த உறிஞ்சு துணி. ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திரட்டுங்கள். கண்ணாடித் துண்டை விரலால் எடுக்காதீர்கள். விளக்குமாறும் சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் அறை முழுக்கத் தூளைத் தூவும். இடத்தைச் சோப்பு நீரால் மூன்று முறை கழுவித் துடையுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, யார் யார் அறையில் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

தோலில் பட்டால் உடையைக் கழற்றி உடனே சோப்பும் தண்ணீரும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் அலசி மருத்துவரிடம் போங்கள்.

கழிவு எதுவும் கழிவுநீர்த் தொட்டிக்குள் போகக் கூடாது. பயன்படுத்திய கவுனும் கையுறையும் விரிப்பும் சாதாரணக் குப்பையில் சேராது. மிச்ச மருந்துக்குத் தனிப் பெட்டி. இவற்றை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டால் மருந்து அழியாது, சூடாகி ஆவியாகத்தான் வரும். உயர்வெப்பச் சூளையில் எரிக்க உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும்.

வேலை செய்பவர்கள்

இந்த வேலையில் சேரும் ஆண், பெண் இருவருக்கும் இனப்பெருக்க ஆபத்தை விளக்கி, புரிந்துகொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். கருவுற்றவர், பாலூட்டுபவர், குழந்தைக்கு முயல்பவர் ஆகியோர் மாற்று வேலை கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுங்கள். கருவுற்றதை ஒருவர் வெளியில் சொல்லும் நேரத்தில் கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். அதனால் திட்டமிடும்போதே தயங்காமல் சொல்லக்கூடிய சூழல் இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது ரத்தப் பரிசோதனையும் உடல்நல வரலாறும் பதிவாகட்டும். பிறகு வரும் மாற்றத்தை ஒப்பிட அதுதான் அடிப்படை. பயிற்சியும் செய்முறைச் சோதனையும் வருடம் ஒருமுறை. துடைக்க வரும் துப்புரவுப் பணியாளருக்கும், பெட்டியை இறக்குபவருக்கும் இதே பயிற்சி, இதே கையுறை.